ஹுனைஸ் நானாவின் இந்த வாரக் கருத்து

மதுரங்குளிச் சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கமாக எந்தப் பாதையில் இறங்கினாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெயர்ப்பலகையாகத்தான் இருக்கும். மீனவர் சங்கம், உப்புத் தொழிலாளர் சங்கம், மரண உதவிச் சங்கம், இளைஞர் கழகம். கொஞ்சம் தள்ளி, அந்த இளைஞர் கழகத்தோடு கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களின் இளைஞர் கழகம். அதன் தலைவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கிரிக்கட் மெச்சைப் பற்றிக் கதைப்பதற்கும் ஒரு சம்மேளனம் தொடங்கினார்கள் பாருங்கள், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஹுனைஸ் நானாவை, ஊருக்கே மூத்த அண்ணனை, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கொழும்பு-புத்தளம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து தலை நரைத்தவர். டிக்கட்டோடு சேர்த்து ஒரு கருத்தும் கொடுப்பார். நேற்றைய ஆட்டத்தில் கெப்டன் விட்ட பிழை, புத்தளம் மைதானத்தில் நடுவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதிய விசில், இந்தியாக்காரன் எடுத்த புதுப் படம், டீவியில் பாட்டுப் போட்டிக்கு வருகிற நீதிபதி வாராவாரம் அழுகிற அழுகை என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. பயணிகள் விடமாட்டார்கள். சிலாபத்தில் ஏறுகிறவன் சிங்களத்தில் மறுப்பான், பாலாவியில் ஏறுகிறவன் தமிழில் மறுப்பான். இரண்டு பாஷையிலும் தோற்று, இரண்டு பாஷையிலும் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு வருவார்.

வீட்டிலும் ஒருவர் இருந்தார். மனைவி ஸுஹைரா. அவருக்குக் கிரிக்கட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாது. ஆனாலும் எப்போதும் எதிரணியின் பக்கம்தான் நிற்பார். "அவங்களும் பாவம்தானே, அந்தப் பொடியனுகளுக்கும் உம்மா வாப்பா இருப்பாங்கதானே" என்பார். ஹுனைஸ் நானா அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை சொல்லிக்கொண்டிருப்பார். சென்ற நோன்புக்கு முன்னால் ஸுஹைரா காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதிரணிக்கு ஆள் இல்லை.

மகள் இல்மா டோஹாவில் இருக்கிறாள். ஹுனைஸ் நானா தன் கருத்துகளைப் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். மகள் வேலைக்கு நடுவே அதைக் கேட்டுவிட்டு ஒரு சிவப்பு இதயத்தை அனுப்புவாள். நல்ல பிள்ளை. ஆனால் இதயத்தோடு வாதாட முடியாது.

ஆக, மிஞ்சியது வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் அன்னம்மா கோயில் இருக்கிற தலவிலப் பக்கத்திலிருந்து சாள்ஸ் மோட்டர் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு சந்திக்கு வருவான். மீன் விற்று முடிந்ததும் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து ஹுனைஸ் நானாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவான். ஹுனைஸ் நானா அந்த வாரத்துச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கருத்துச் சொல்லுவார். சாள்ஸ் ஒவ்வொன்றையும் பிழை என்பான்.

"நானா, உங்களுக்குக் கிரிக்கட்டும் தெரியா, படமும் தெரியா. எப்பிடி நானா இவ்வளவு காலமும் பஸ் சரியான ஊருக்குப் போய்ச் சேந்த?"

"டேய், நான் மெச் பாக்கத் தொடங்கக்குள்ள நீ பொறக்கவே இல்ல."

"அதான் நானா கண் மங்கிப் போச்சு."

கடையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஹுனைஸ் நானா கோபத்தில் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று சொல்லுவார். அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்கள் முழுக்கச் செய்தி பார்த்தார் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் விளையாட்டு ஆர்வம் என்று சொல்லிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஒரு மைதானத் திறப்பு விழாவுக்கு வந்த ஒரு பெரியவர், பேச ஒன்றும் இல்லாததால், "ரசிகர்கள்தான் விளையாட்டின் முதுகெலும்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமே முதுகெலும்பை ஒழுங்குபடுத்த ஆட்கள் கூடிவிட்டார்கள். 'கடலோரப் பிரதேச விளையாட்டு மற்றும் கலை ரசிகர்கள் சம்மேளனம்' பிறந்தது. தலைவர், கொப்பறா வியாபாரி ஹிஸ்புல்லா ஹாஜியார். ஊரில் எந்தச் சங்கத்துக்கும் தலைவர் தேவைப்பட்டால் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவரிடம் ஒலிபெருக்கியும் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளும் சொந்தமாக இருந்தன. செயலாளர், அஃப்ராஸ். மரண உதவிச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அழகான தமிழ் எழுதுவார் என்று பெயர். அவர் எழுதியதெல்லாம் மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல்தான் என்றாலும், அதில் ஒரு பிழை காண முடியாது.

முதல் கூட்டத்துக்கு ஹுனைஸ் நானா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனார். கதைக்க ஆள் கிடைக்கும் என்ற ஆசைதான். பாடசாலை மண்டபம் நிறையக் கதிரைகள். குர்ஆன் கிராஅத் ஓதி, வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவருக்கு நன்றி, பொன்னாடை, அந்தப் பொன்னாடையைக் கழற்றி இன்னொருவருக்குப் போர்த்துதல் என்று வரிசையாக நடந்தது. பிறகு ஹாஜியார் எழுந்தார்.

"இந்த ஊர்ட விளையாட்டுக்கு நான் எவ்வளவு தியாகம் செஞ்சிருக்கேன் எண்டு உங்களுக்குத் தெரியும்" என்றார். "எத்தனையோ இறுதிப் போட்டிக்குப் பிரதம அதிதியாப் போயிருக்கேன். ஒரு மெச்சையாவது பாக்கக் கெடச்சிருக்கா? இல்ல! மேடையில இருக்கக்குள்ள நான் சனத்தப் பாத்துத்தான் இருக்கணும். மைதானம் எனக்கு முதுகுப் பக்கம். அந்த முதுகாலதான் நான் இந்த விளையாட்ட வளத்தெடுத்தேன். அதால நான் எந்த டீமுக்கும் பக்கச்சார்பு இல்லாதவன். எனக்கு டீமுகள்ட பேரே தெரியாது."

பலத்த கைதட்டல். அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"இண்டைக்கு என்ன நடக்குது? தேத்தண்ணிக் கடையில, பஸ் ஸ்டாண்டில, ரோட்டில, கண்டவன் நிண்டவன் எல்லாம் கருத்துச் சொல்றான். ஒருத்தன் சொன்னத்த மத்தவன் பிழை எண்டு சொல்றான். இதால ஒற்றுமை கெடுது. இனி ஒரு வாரத்துக்கு ஒரு கருத்து. அத சம்மேளனம் தெரிவு செய்யும். மத்த ஆக்கள் அத வழிமொழிஞ்சாப் போதும். உங்களுக்கு யோசிக்கிற கஷ்டமும் இல்ல."

அங்கத்தவர்கள் தங்கள் கருத்துகளைக் கூறலாம் என்று நிகழ்ச்சிநிரலின் கடைசியில் இருந்தது. அதற்குள் மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். ஹுனைஸ் நானா மட்டும் கையை உயர்த்தினார்.

"ஹாஜியார், நான் சொல்ற கருத்து பிழையெண்டா என்ன செய்ற?"

"நீங்க பயப்படவே வேணாம். சம்மேளனம் ஏத்துக்கொண்ட கருத்து எப்பிடிப் பிழையாகும்?"

"பயம் இல்ல ஹாஜியார். ஆராச்சும் பிழை எண்டு சொன்னாத்தான் எனக்கு அடுத்த வசனமே வரும்."

ஹாஜியார் சிரித்தார். மேடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று கூட்ட அறிக்கையில் பாராட்டப்பட்டது.

தேத்தண்ணிக் கடையில் 'இங்கு அரசியல் பேச வேண்டாம்' என்று ஒரு பலகை முன்பே தொங்கியது. அதற்குக் கீழே சம்மேளனத்தின் பலகையும் தொங்கத் தொடங்கியது: 'விளையாட்டு, சினிமாக் கருத்துகள் சம்மேளனக் கூட்டத்தில் மட்டும்.' அரசியலும் விளையாட்டும் சினிமாவும் போனபின் கடையில் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கள் பக்கத்தில் மழை அபூர்வம் என்பதால் அந்தக் கதையும் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆட்கள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை போனைப் பார்த்தார்கள்.

சாள்ஸுக்கு இது ஒன்றும் தெரியாது. வழக்கம்போல வந்து கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன நானா, இந்தக் கிழமை என்ன பிழையான கருத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அடுத்த மேசையில் இருந்த அஃப்ராஸ் எழுந்து வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சாள்ஸ் அண்ணன், நீங்க கோவிக்கக் கூடாது. மறுப்புத் தெரிவிக்கிற உரிமை அங்கத்தவருக்கு மட்டும்தான். நீங்க தலவிலப் பக்கம். உங்கட பக்கத்துக் கிளையில சேந்துதான் நீங்க மறுக்கலாம்."

"எங்கட பக்கம் கிளை இருக்கா?"

"இன்னும் இல்ல. ஒங்கட பக்கத்துச் சனம் கேட்டா நாங்க யோசிப்பம்."

"அப்ப அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நீங்க ஹுனைஸ் நானா சொல்றத்தக் கேக்கலாம். கேக்கிறதுக்குத் தடை இல்ல."

சாள்ஸ் ஹுனைஸ் நானாவைப் பார்த்தான். நானா அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்திருந்தால் அந்த இடத்திலேயே சம்மேளனம் செத்திருக்கும். ஆனால் ஹுனைஸ் நானா வாழ்க்கை முழுக்க 'புட்போர்டில் நிற்க வேண்டாம்' என்ற பலகைக்குக் கீழே நின்று வேலை செய்தவர். பலகை என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். அவர் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தார். சாள்ஸ் எழுந்தான்.

"அப்ப நான் என்னத்துக்கு நானா பாலாவி சுத்தி இவ்வளவு தூரம் வாற? மீன எங்கட பக்கத்திலயே குடுத்துட்டு வீட்ட போறன்."

அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஹுனைஸ் நானா கடைக்குப் போய் அவன் கதிரைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் டீவியைப் போட்டு வர்ணனையாளர் சொன்னதையெல்லாம் மறுத்தார். வர்ணனையாளர் தன் பாட்டில் பேசிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு ஸக்கியா ராத்தா வேலியோரம் நின்று, "நானா, ஆரோட கதைக்கிறீங்க?" என்று கேட்டபோது, "ரிமோட்ல பெட்டரி இல்ல" என்றார்.

அவரால் தாங்க முடியவில்லை. எப்படியாவது தன் கருத்து நாலு பேர் காதில் விழுந்தால், அதில் ஒருவனாவது வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பான் என்று நினைத்தார். சம்மேளனத்தின் கருத்துத் தெரிவுக் குழுவின் முன்னால் போய் நின்றார். அந்த வாரம் எங்கள் நாட்டு அணி டொஸ் வென்றும் எதிரணியை முதலில் ஆட விட்டுத் தோற்றிருந்தது.

"டொஸ் வெண்டா கண்ண மூடிட்டு பெட்டிங் எடுக்கணும். இந்தக் கெப்டனுக்கு மூளை இல்ல. இதுதான் என்ட கருத்து" என்றார்.

குழு வெகுநேரம் ஆராய்ந்தது. கெப்டனுக்கு மூளை இல்லை என்பது ஒரு தனிநபரைப் பாதிக்கும் என்பதால் நீக்கப்பட்டது. கண்ணை மூடுவது விழிப்புலன் அற்றோரைப் புண்படுத்தலாம் என்று நீக்கப்பட்டது. ஆக மிஞ்சியது, டொஸ் வென்றால் முதலில் துடுப்பெடுத்தாடுவது நன்று என்பது. ஒரு உறுப்பினர், தோற்றால் என்ன செய்வது என்று கேட்டார். டொஸ்ஸில் தோற்றால் துடுப்பெடுத்தாடுவது எதிரணியின் விருப்பம் என்று விளக்கப்பட்டது. அவர் நன்றி கூறி உட்கார்ந்தார். கருத்து ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஹுனைஸ் நானா 'இந்த வாரத்து ரசிகர்' ஆனார்.

தெரிவான கருத்தை ஊருக்கு அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அது மரண உதவிச் சங்கத்துக்கு ஓடுகிற ஓட்டோ. அதில் அறிவிக்கிற மனிதருக்கும் ஒரே ஒரு குரல்தான் உண்டு. மெதுவான, கனத்த, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விடுகிற குரல். அறிவித்தலை அஃப்ராஸ் எழுதினார். கண்ணியமாக எழுத வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அஃப்ராஸுக்குத் தெரிந்த கண்ணியம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சனம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம் ஓட்டோ புறப்பட்டது.

"மதுரங்குளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஹுனைஸ் அவர்கள். அன்னார், மர்ஹூமா சித்தி லெய்லாவின் அன்பு மகனும், மர்ஹூமா ஸுஹைராவின் ஆருயிர்க் கணவரும், டோஹாவில் வசிக்கும் இல்மாவின் பாசமிகு தகப்பனும் ஆவார்."

இங்கே ஓட்டோ ஒரு மூலையில் திரும்பிவிடும். 'அன்னாரின் இந்த வாரக் கருத்தாவது' என்பது அடுத்த ஒழுங்கையில் கேட்கும். அங்கே முன்பகுதி கேட்டிருக்காது. முதல் ஒழுங்கையில் பின்பகுதி கேட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. எங்கள் ஊரில் ஒருவனை உம்மா பெயர், மனைவி பெயர், பிள்ளை பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டால், அதற்குப் பிறகு யாரும் காது கொடுப்பதில்லை. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, "இன்னா லில்லாஹி" என்று சொல்லிக்கொண்டு தொப்பியைத் தேடுவார்கள். அப்படித்தான் தேடினார்கள்.

ஹுனைஸ் நானா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். வாசலில் ஆள் அரவம் கேட்டது. யன்னலால் பார்த்தார். முற்றம் நிறையச் சனம். வெள்ளைத் தொப்பிகள். சம்மேளனத்தின் பிளாஸ்டிக் கதிரைகளைப் பொடியன்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸக்கியா ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிப் போத்தலோடு வேலியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இத்தனை பேர் அந்த முற்றத்துக்கு ஸுஹைரா போன அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள்.

ஹுனைஸ் நானா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். என் கருத்துக்கு இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களா? ஆட்டம் தோற்ற கவலையில் ஒன்றிரண்டு பேர் அழவும் செய்கிறார்களே! சாரனைச் சரியாகக் கட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கதவை அகலத் திறந்தார்.

"வாங்க, வாங்க! உள்ளுக்கு வாங்க! நான் சொன்னது சரியா பிழையா? மனசில உள்ளத்தச் சொல்லுங்க!"

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் கூவிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஹுனைஸ் நானா அவளைப் பார்த்து, "இவ்வளவு கவலைப்பட வேணாம் மகள், அடுத்த மெச் இருக்குதானே" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த குழப்பத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஜனாஸாவைச் சுமக்கிற சந்தூக்கை எடுக்கப் பள்ளிக்குப் போனவனைப் போனில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மையவாடியில் கபுறுக் குழி வெட்ட மண்வெட்டி எடுத்தவர்களையும் நிறுத்தினார்கள். கோபம் யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? வந்தவர்களுக்குத்தான். பாதிச் சோற்றில் எழுந்து வந்தவன் ஒருவன், "உசிரோட இருந்துக்கிட்டா எங்கள இப்பிடி ஓட வச்ச?" என்று ஹுனைஸ் நானாவைக் கேட்டான். நானா மன்னிப்புக் கேட்டார்.

ஹிஸ்புல்லா ஹாஜியார் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கையில் அனுதாப உரை. நிலைமையை அஃப்ராஸ் அவர் காதில் சொன்னார். ஹாஜியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"எழுதின உரைய வாசிக்காமப் போறது சபைக்கு மரியாத இல்ல. சனமும் வந்திருக்கு, கதிரையும் போட்டிருக்கு. ஹுனைஸ் நானா, நீங்களும் இருங்க. முன்னுக்கு இருங்க."

ஹுனைஸ் நானா முன் வரிசையில் உட்கார்ந்தார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"அன்னாரின் இழப்பு ரசிகர் உலகிற்கு ஈடுசெய்ய முடியாதது. அவர் கருத்துச் சொன்னால் சபையில் மறுபேச்சு இருக்காது. இறுதிக் காலத்தில் அவருடைய கருத்தை எதிர்த்துக் கதைக்க ஒருவருமே இருக்கவில்லை. அப்படியான ஒரு உயர்ந்த இடத்தை அவருக்குப் பெற்றுக்கொடுத்தது எமது சம்மேளனமே என்பதை இவ்விடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சனம் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டியது. ஹுனைஸ் நானா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாக யாரும் சொன்னதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அழுகை வந்தது. வீட்டுக்காரன் அழுதால் சரியில்லை என்று அடக்கிக்கொண்டார்.

உரை முடிந்ததும் அஃப்ராஸ் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"நானா, ஒரு சின்னப் பிரச்சின. செய்தி வந்த ஒடனே நாங்க அவசரக் கூட்டம் போட்டு அனுதாபத் தீர்மானம் நிறைவேத்திட்டம். அத வாபஸ் எடுக்கணுமெண்டா வருடாந்தப் பொதுக்கூட்டம் கூடணும்."

"செய்தியே நீங்கதானே தம்பி அனுப்பின?"

"ஓம், அது அறிவித்தல் பிரிவு. இது தீர்மானப் பிரிவு. பொதுக்கூட்டம் வரைக்கும் சம்மேளனத்தப் பொறுத்தவரைக்கும் நீங்க மர்ஹூம், காலஞ்சென்றவர். மர்ஹூமானவங்க கருத்துச் சொல்ல விதியில எடம் இல்ல."

"அப்ப நான் என்ன செய்ற?"

"கவலைப்படாதீங்க நானா. உங்கட பேரில ஞாபகார்த்தக் கிண்ணம் ஒண்டுக்கும் முடிவெடுத்திருக்கு. மென்பந்துச் சுற்றுப்போட்டி. ஏழு ஊர் டீம் வருது. நீங்க விரும்பினா விசேட அதிதியா வரலாம். ஆனா மேடையில கதைக்கேலா."

இதற்கிடையில் டோஹாவிலிருந்து இல்மா அழைத்தாள். யாரோ அவளுக்கும் சொல்லிவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் முதலில் சொல் விளங்கவில்லை. வாப்பா உயிரோடு இருப்பது தெரிந்ததும் இன்னும் அழுதாள்.

"ஒண்டும் இல்ல மகள். ஒரு மெச்சப் பத்தி ஒரு கருத்துச் சொன்னேன், அவ்வளவுதான்."

"இனி ஒரு கருத்தும் சொல்லாதீங்க வாப்பா. சும்மா வீட்டில இருங்க. எனக்காக."

"சரி மகள்" என்றார். போன் துண்டிக்கப்பட்ட பிறகு வழக்கம்போல ஒரு சிவப்பு இதயம் வந்தது.

சனம் கலைந்தது. போகும்போது ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். நீண்ட ஆயுசு என்றார்கள். சிலர் சிரித்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள்! டொஸ் வென்றால் பெட்டிங் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஹுனைஸ் நானா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். கதிரைகளை ஏற்ற லாண்ட்மாஸ்டர் திரும்பி வரும் என்று பொடியன்களும் போய்விட்டார்கள். வெள்ளைக் கதிரைகள் நிறைந்த முற்றத்தில் அவர் தனியே உட்கார்ந்திருந்தார்.

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடித்த நேரம் ஒரு மோட்டர் சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது. சாள்ஸ். மீன் பெட்டி இல்லை. கடலுக்குப் போன சாரனோடு, காலில் செருப்பும் இல்லாமல் வந்திருந்தான். சந்தியில் மீன் வாங்குகிற யாரோ அவனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். பாலாவி சுற்றி வந்த தூரம் முழுக்க அழுதுகொண்டு வந்திருப்பான் போலும். கன்னத்தில் புழுதியும் கண்ணீரும் சேர்ந்து காய்ந்திருந்தது. கதிரைகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். பிறகு அந்தக் கதிரைகளுக்கு நடுவே ஹுனைஸ் நானாவைப் பார்த்தான்.

"அன்னம்மா தாயே!" என்று தலையில் கையை வைத்தான். ஓடி வந்து நானாவின் தோளைப் பிடித்துப் பார்த்தான். கையைப் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்டும் இல்லடா. ஆக்கள் பிழையா விளங்கிட்டாங்க. இரு, இரு" என்றார் ஹுனைஸ் நானா.

சாள்ஸ் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். கடையில் உட்காருகிற அதே மாதிரி, முழங்கால் முட்ட. ஹுனைஸ் நானாவுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. ஸக்கியா ராத்தா விட்டுப்போன போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். மகளுக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் வந்தது. நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"சாள்ஸ், மெச் பாத்தியா?"

"பாத்தன் நானா."

"டொஸ் வெண்டுட்டு பௌலிங் எடுத்தான். நான் சொல்றேன், கண்ண மூடிட்டு பெட்டிங் எடுத்திருக்கணும். அந்தக் கெப்டனுக்கு மூளை இல்ல. என்ன சொல்ற?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அடி விழப்போவதைத் தெரிந்துகொண்டே முதுகைக் காட்டுகிற பிள்ளையைப் போலச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த வசனம் வாயில் தயாராக இருந்தது.

சாள்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் திரும்பவும் நிறைந்தன.

"ஓம் நானா" என்றான். "நீங்க சொல்றது சரி."

ஹுனைஸ் நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரியா? எப்பிடிடா சரி? ராவில பனி பெய்யும். பந்து கையில வழுக்கும். பௌலிங்தான் முதல்ல எடுக்கணும். கெப்டன் எடுத்ததுதான் சரி!"

"அதுவும் சரிதான் நானா."

"டேய், ரெண்டும் எப்பிடிடா சரியாகும்? என்னோட சண்டை பிடிடா. நான் மௌத்தாகல்ல. இந்தா பாரு, இருக்கேன்தானே?"

சாள்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நானாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தான்.

"நீங்க என்ன சொன்னாலும் சரி நானா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."